டம்ளருக்குள் டம்ளர், வெடிக்கும் சீடை, அணையாத பல்ப்: வீட்டுச் சின்னச் சின்ன வில்லங்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு பேர் டீ குடிக்க உட்கார்ந்தால் போதும், "நேத்து எங்க வீட்ல என்ன ஆச்சு தெரியுமா" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்தவர் அதைவிட விசித்திரமான ஒன்றைச் சொல்வார். சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி பதில் இல்லாமல் நிற்கும்: அது ஏன் அப்படி ஆச்சு? இப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். காரணம் தெரிந்துவிட்டால் எந்தக் கைவைத்தியம் பலிக்கும், எது பலிக்காது என்பதும் தானே தெரிந்துவிடும்.

எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. எப்படிப் பிரிப்பது?

கழுவிய டம்ளர்களைச் சூடும் ஈரமுமாக அடுக்கும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கிறது. டம்ளர் அடியை நோக்கிக் குறுகுவதால், உள்ளே போனது ஆப்பு அடித்ததுபோல இறுகிக்கொள்கிறது. நடுவில் உள்ள தண்ணீர்ப் படலம் இடுக்கை அடைத்துவிடும். அடியில் சிக்கிய சூடான காற்று ஆறிச் சுருங்கும்போது உள் டம்ளர் இன்னும் கீழே இழுபடும்.

முதலில் விளிம்பைச் சுற்றி இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெயோ, பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கரைசலோ விட்டு 10 நிமிடம் விடுங்கள். பிறகு உள் டம்ளர் நிறைய ஐஸ் கட்டியும் தண்ணீரும் போட்டு இரண்டு நிமிடம் குளிரவிடுங்கள். அடுத்து, வெளி டம்ளரைக் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரில் முக்கால் உயரத்துக்கு நிறுத்துங்கள். அரை நிமிடம் போதும். துணியால் பிடித்துத் திருகிக்கொண்டே இழுங்கள். நேராக இழுப்பதைவிடத் திருகுவதில்தான் பலன் அதிகம்.

7 சென்டிமீட்டர் வாயகலம் உள்ள டம்ளரில், உள்ளுக்கும் வெளிக்கும் 50 டிகிரி வித்தியாசம் இருந்தால் கிடைக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த மயிரிழை போதும். அதிக நேரம் வெந்நீரில் வைத்தால் உள் டம்ளரும் சூடாகி விரிந்து, செய்ததெல்லாம் வீணாகும். தரையில் தட்டவே வேண்டாம். வட்டம் நசுங்கி முட்டை வடிவமானால் பிறகு எந்த வைத்தியமும் எடுபடாது. கண்ணாடி டம்ளருக்கு இந்த ஐஸ்–வெந்நீர் முறை ஆகாது, விரிசல் விட்டுவிடும். அதற்குச் சோப்புத் தண்ணீரும் பொறுமையும்தான்.

தண்ணீர் கொதித்தால் பாத்திரத்துக்குள்ளேயே கிடக்கிறது. பால் மட்டும் ஏன், திரும்பிப் பார்ப்பதற்குள் பொங்கிவிடுகிறது?

தண்ணீரில் எழும் குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலில் புரதம் இருக்கிறது. அது ஒவ்வொரு குமிழிக்கும் தோல் போர்த்தி உடையாமல் காக்கிறது. மேலே படியும் ஆடை மூடிபோல நின்று ஆவியைத் தடுக்க, நுரை மொத்தமாக எழும்புகிறது. அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரத்தின் அடிச்சூடு சில நொடி தள்ளிக்கொண்டே இருப்பதால்தான், அணைத்தும் வழிகிறது. தீயைக் குறைப்பதைவிடப் பாத்திரத்தை இறக்கிவிடுவதே வேகமான வழி.

பாத்திரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்வரை மட்டும் ஊற்றி, கரண்டியை உள்ளேயே போட்டு அவ்வப்போது கிளறினால் ஆடை படியாது. வாய்க்குக் குறுக்கே மரக்கரண்டி வைப்பது முதல் பொங்கலைத் தாமதப்படுத்தும். கரண்டி சூடேறியதும் அந்தப் பலன் போய்விடும், அதை நம்பி அடுத்த அறைக்குப் போக வேண்டாம்.

குக்கர் ஆறிவிட்டது, ஆனால் மூடி திறக்கவில்லை. உள்ளே அழுத்தம் இருக்கிறதா?

இரண்டு நிலைகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெயிட்டைக் கரண்டியால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஆவி வெளியே சீறினால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, கீழே விட்டுக் காத்திருங்கள். குக்கர் தொடும் அளவுக்கு ஆறியும் மூடி அசையாவிட்டால் நிலைமை நேர்மாறு: உள்ளிருந்த ஆவி தண்ணீராகிவிட்டதால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்திருக்கிறது. வெயிட்டை முழுக்க எடுத்தால் "உஸ்" என்று காற்று உள்ளே போகும், மூடி சுலபமாகத் திறக்கும். முட்டி மோதித் திறக்க முயன்றுதான் கைப்பிடி உடைகிறது.

குக்கரில் விசிலே வரவில்லை. அல்லது பருப்புத் தண்ணீர் விசிலோடு பீய்ச்சி அடிக்கிறது. ஏன்?

விசில் வராமல் ஓரத்தில் ஆவி கசிந்தால் காஸ்கெட்டைப் பாருங்கள். விளிம்பில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலே போதும், ஆவி அந்த வழியாகப் போய்விடும். காஸ்கெட் சூட்டில் தளர்ந்திருந்தால் 5 நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டோ, திருப்பிப் போட்டோ அன்றைய சமையலை முடிக்கலாம். மறுநாள் புதிது வாங்குங்கள். வளைத்துப் பார்க்கும்போது சின்ன வெடிப்புத் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

ஓரத்திலும் கசியவில்லை, விசிலும் வரவில்லை என்றால் உடனே அடுப்பை அணையுங்கள். ஒன்று, தண்ணீர் ஊற்ற மறந்திருக்கலாம். இல்லையென்றால் வெயிட் உட்காரும் குழாய் அடைத்திருக்கலாம். இந்த இரண்டும்தான் சேஃப்டி வால்வு உருகித் தெறிப்பதற்கு வழக்கமான காரணங்கள். அந்த வால்வின் நடுவில் குறிப்பிட்ட சூட்டில் உருகும் உலோகக்கலவை இருக்கிறது. அது உருகியது என்றால் குக்கர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, உங்களைக் காப்பாற்றிவிட்டது என்று அர்த்தம். அதே கம்பெனி வால்வை மட்டுமே மாற்ற வேண்டும். கோதுமை மாவாலோ பசையாலோ ஓட்டையை அடைத்துச் சமைப்பது வீட்டுக்குள் வெடி வைப்பதற்குச் சமம். தினமும் மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குழாய் வழியாகப் பாருங்கள், மறுபக்கம் தெரிய வேண்டும். இரண்டு நொடி வேலை இது.

பருப்பு பீய்ச்சுவது நுரையால். பருப்பானாலும் அரிசியானாலும் தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வந்த பிறகு பெரிய தீயால் பருப்பு வேகமாக வேகாது, விசில்தான் அதிகமாக வரும்.

கோகுலாஷ்டமிக்குச் செய்யும் உப்புச் சீடை எண்ணெயில் ஏன் வெடிக்கிறது?

சமையலறையில் நடப்பதிலேயே உண்மையில் பயப்பட வேண்டியது இதுதான். கொதிக்கும் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். சீடையின் வெளிப்பக்கம் முதலில் இறுகி ஓடாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் ஓட்டைப் பிளக்கிறது. ஆகவே செய்ய வேண்டியது இரண்டு: ஆவிக்கு வழி விடுவது, ஒரே இடத்தில் ஈரம் தேங்காமல் பார்ப்பது.

மாவிலிருந்தே கவனம் வேண்டும். பதப்படுத்திய பச்சரிசி மாவை, கையில் எடுத்துக் கோலம் இழுக்க வரும் பதத்துக்கு வறுத்து, இரண்டு முறை நைஸ் சல்லடையில் சலிக்க வேண்டும். உளுந்தைச் சிவக்க வறுத்து அரைத்து, அதையும் சலிக்க வேண்டும். சலிக்காத உளுத்தங்குருணைதான் முதல் குற்றவாளி. ஒரு கப் அரிசி மாவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம் மாவும், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் போதும். கல் உப்பையும் கட்டிப் பெருங்காயத்தையும் அப்படியே போடாமல் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். தேங்காய்ப் பல் சேர்ப்பதாக இருந்தால் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள்.

உருட்டும்போது அழகு பார்க்கக் கூடாது. கோலிக்குண்டு மாதிரி வழவழப்பாக அழுத்தி உருட்டினால் அது வெடிகுண்டுதான். இரண்டு விரலால் லேசாகச் சேர்த்துப் பிடித்தாற்போல, மேலே சின்னச் சின்னக் கீறலோடு இருக்கட்டும். வெள்ளைத் துணியில் 15 நிமிடம் உலரவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒவ்வொன்றையும் ஊசியால் குத்திவிடலாம். முதலில் ஒரே ஒரு சீடையைப் போட்டுத் தள்ளி நின்று பாருங்கள். அது வெடிக்காமல் அமைதியாக வெந்தால் மற்றவற்றை மிதமான தீயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். வெடித்தால் மாவில் ஒரு கைப்பிடி வறுத்த மாவைச் சேர்த்து மறுபடி பிசைந்து, தட்டையாகத் தட்டிப் போட்டுவிடுங்கள். தட்டை வெடிப்பது அபூர்வம். பண்டிகைப் பரபரப்பில் குழந்தைகளை அடுப்பருகே விடாதீர்கள்.

எண்ணெய் தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, வாணலியை ஒரு தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

முதல் தோசை மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

கல் இன்னும் சமமாகச் சூடேறவில்லை, எண்ணெய்ப் படலமும் பிடிக்கவில்லை. இரும்புக் கல்லை மிதமான தீயில் 4, 5 நிமிடம் காயவிட்டு, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு நன்றாகத் தேயுங்கள். ஒரு கை தண்ணீர் தெளித்தால் "சொய்" என்று உடனே ஆவியாக வேண்டும். துளிகள் முத்துமுத்தாக உருண்டு ஓடினால் கல் மிதமிஞ்சிக் காய்ந்துவிட்டது, அந்தச் சூட்டில் மாவு பரவாமல் கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த மாவும் ஒட்டும், அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள். சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வராது என்று சொல்வது சரியே. காய்ந்த மாவும் எண்ணெய் இல்லாத சூடும் பழகிய படலத்தைத் தீய்த்துவிடுகின்றன. தனிக்கல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்புத் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறது. கேஸ் தீரப்போகிறதா?

உப்புப் போட்ட தண்ணீர் வழிந்து சிறிது நேரம் மட்டும் ஆரஞ்சு நிறமாக எரிந்தால் கவலை வேண்டாம். உப்பில் உள்ள சோடியத்தின் நிறம் அது. நாள் முழுக்க மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரி பிடித்தால், காற்றுப் போதாமல் கேஸ் அரைகுறையாக எரிகிறது. பர்னரைக் கழற்றிச் சோப்பு வெந்நீரில் ஊறவைத்து, ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தி, ஈரம் போகக் காயவைத்து மாட்டுங்கள். பிறகும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

எவ்வளவு கேஸ் மிச்சம் என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாக ஒரு முறை துடையுங்கள். திரவம் இல்லாத மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். திரவம் இருக்கும் பகுதி குளிர்ச்சியாக இருப்பதால் ஈரம் தங்கும். அந்தக் கோடுதான் கேஸ் மட்டம். எடை பார்ப்பதானால், வீட்டுச் சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ. காலி எடை சிலிண்டரின் கழுத்துப் பக்கம் எழுதியிருக்கும், மொத்த எடையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேஸுக்காகச் சிலிண்டரைப் படுக்கவைப்பதும், கவிழ்ப்பதும், வெந்நீரில் நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம். படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு துளி திரவம் ஏறத்தாழ 250 மடங்கு ஆவியாகி, தீ திடீரென ஆளுயரம் எழும். கேஸ் வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

பச்சை மிளகாய் நறுக்கிய கை எத்தனை முறை கழுவியும் எரிகிறது.

மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருள். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கையில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் தேய்த்து ஒரு நிமிடம் கழித்துத் துணியால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு முறை செய்தால் பெரும்பாலும் அடங்கும். குளிர்ந்த தயிரில் விரலை வைப்பதும் இதம் தரும். வெந்நீர் எரிச்சலைக் கூட்டும், ஏனென்றால் காரத்தை உணர்வதும் சூட்டை உணர்வதும் ஒரே நரம்பு முனைகள்தான். கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெய் வைத்தியம் கிடையாது, சுத்தமான தண்ணீரால் 10, 15 நிமிடம் தொடர்ந்து கழுவ வேண்டும்.

கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிப்பதும் இதே மாதிரியா?

இல்லை. இது ஊசி குத்தல். சேனை, கருணை, சேப்பங்கிழங்கு எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருக்கின்றன. ஈரக்கையில் தோலுக்குள் சுலபமாக ஏறும். கையில் எண்ணெய் தடவி, உலர்ந்த கிழங்கை நறுக்குங்கள். அரிக்கத் தொடங்கிவிட்டால் புளிக்கரைசலில் கையை அலசுங்கள். கிழங்கைப் புளித்தண்ணீரிலோ மோரிலோ வேகவைப்பது நாக்கு அரிக்காமல் இருக்க நம் பாட்டிமார் கண்ட வழி. அதை விட்டுவிடாதீர்கள்.

சட்டையில் சிந்திய சாம்பாரைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டது!

ஆலம் கரைப்பதை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் குருதிச் சிவப்பாகிறதே, அதேதான். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். சோப்பு காரத்தன்மை உள்ளது. பயந்து பிளீச்சிங் பவுடர் போட வேண்டாம்.

முதலில் சிந்தியதைக் கரண்டியால் வழித்தெடுத்து, கறையின் பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். எண்ணெய் போகப் பாத்திரம் தேய்க்கும் திரவச் சோப்பு இரண்டு சொட்டு விட்டு விரலால் தேய்த்து அலசுங்கள். சிவப்புத் தெரிந்தால் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு, நன்றாக அலசல். மிச்சமிருக்கும் மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமின் சூரிய ஒளியில் சிதைந்துவிடும், ஈரமாகவே காயப்போட்டால் ஓரிரு நாளில் மறையும். கறை போகும்வரை இஸ்திரி போடக் கூடாது, சூட்டில் அது நூலில் நிலைத்துவிடும்.

எலுமிச்சையில் ஊறிய பூண்டு நீலப் பச்சையாகிவிட்டது. தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. வட சீனத்தில் இந்தப் பச்சைக்காகவே "லாபா" பூண்டு ஊறவைக்கிறார்கள். பூஞ்சை என்றால் பஞ்சுபோல மேலே படரும், வாடை வரும். அப்போது மட்டும் கொட்டிவிடுங்கள்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. உறைந்தால் சுத்தமான எண்ணெயா?

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே இறுகும், நல்லெண்ணெய்க்கு அந்தக் குளிர் போதாது. உறைவது தேங்காய் எண்ணெயின் குணம். அதை வைத்து மட்டும் கலப்படம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. பாட்டிலை அடுப்பருகே வைக்காமல் வெயிலிலோ வெதுவெதுப்பான நீரிலோ வையுங்கள்.

மூடியிருந்த சர்க்கரை டப்பாவுக்குள் எறும்பு எப்படி வந்தது? எப்படி விரட்டுவது?

மூடியின் மரையில் ஒட்டிய சர்க்கரைத் துகள்தான் வழி காட்டுகிறது. முதலில் வந்த எறும்பு திரும்பிப் போகும்போது தரையில் வாசனைத் தடம் விட்டுச் செல்கிறது, மற்றவை அந்தத் தடத்தைப் பிடித்து வரிசையாக வருகின்றன. ஆகவே எறும்பைத் தட்டுவதோடு நிற்காமல், வரிசை வந்த வழியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துத் தடத்தை அழிக்க வேண்டும். சர்க்கரையைத் தாம்பாளத்தில் பரப்பி வெயிலில் வைத்தால் அரை மணியில் எறும்புகள் தாமே போய்விடும்.

டப்பாவில் நாலு கிராம்பு போடுவது ஓரளவு பலன் தரும், வாசனை போனதும் மாற்ற வேண்டும். நிச்சயமான வழி பழைய அகழிதான்: தட்டில் தண்ணீர் விட்டு நடுவே டப்பாவை வைப்பது. அதில் ஒரு சொட்டு திரவச் சோப்பு சேருங்கள். சோப்பு இல்லாத நீரின் மேல் எறும்பு நடந்தே கடந்துவிடும், சோப்பு சேர்ந்தால் நீரின் மேல்தோல் தளர்ந்து அதைத் தாங்காது.

உடனடிப் பசையில் இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டன.

இழுத்துப் பிரிக்காதீர்கள், தோல்தான் கிழியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, ஒரு மழுங்கிய ஸ்பூன் காம்பை இடுக்கில் உருட்டிப் பிரியுங்கள். அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கி இருந்தால் பஞ்சில் தொட்டு ஓரத்தில் ஒற்றலாம். கண்ணருகே, உதட்டருகே அதைக் கொண்டுபோகக் கூடாது, கண்ணில் பட்டிருந்தால் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: இந்தப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் வேகமாக இறுகிப் புகையும் அளவுக்குச் சுடும். பஞ்சால் துடைக்கப்போய்த் தொடையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

மோதிரம் விரலை விட்டு வரவில்லை.

கையைத் தலைக்கு மேல் தூக்கி 5 நிமிடம் வைத்திருங்கள், பிறகு குளிர்ந்த நீரில் முக்குங்கள். வீக்கம் குறையும். சோப்புத் தடவித் திருகிப் பார்த்தும் வரவில்லை என்றால் நூல் முறை. வழவழப்பான நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் ஒரு சாண் விடுங்கள். மறுமுனையை மோதிரத்தை ஒட்டித் தொடங்கி, விரல் மொளி தாண்டும்வரை இடைவெளி இல்லாமல் நெருக்கமாகச் சுற்றுங்கள். இப்போது உள்ளங்கைப் பக்க நூலை நுனி நோக்கிப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் ஒவ்வொரு சுற்றாக ஏறி மொளியைக் கடக்கும். சுற்றிய நிலையில் இரண்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. விரல் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ முயற்சியை நிறுத்தி மருத்துவமனைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ போங்கள். வெட்டிய மோதிரத்தைப் பத்தர் பற்றவைத்துத் தந்துவிடுவார், விரலை அப்படிச் செய்ய முடியாது.

போன் தண்ணீரில் விழுந்தது. அரிசி மூட்டையில் போடலாமா?

போட வேண்டாம். அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு, அதன் மாவுத்தூள் சார்ஜ் துளைக்குள் போய் ஒட்டும். ஆப்பிள் நிறுவனமே 2024-இல் அரிசியில் போடாதீர்கள் என்று அறிவுறுத்தியது. எடுத்த நொடியிலேயே அணைத்துவிடுங்கள். கெடுப்பது தண்ணீர் மட்டும் இல்லை, ஈரத்தில் ஓடும் மின்சாரமும்தான். உறை, சிம் தட்டு இரண்டையும் கழற்றி, சார்ஜ் துளை கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் தட்டித் தண்ணீரை வடியுங்கள். மின்விசிறிக்கு நேரே ஒரு முழு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், சூடு ஒட்டுப்பசையை இளக்கும், காற்று நீரை உள்ளே தள்ளும். ஆன் ஆகிறதா என்று இடையிடையே பார்க்கும் ஆவலைத்தான் அடக்க வேண்டும். பல போன்கள் சாவது அந்த நேரத்தில். கடல் நீரிலோ சாம்பாரிலோ விழுந்திருந்தால் காயவைப்பது போதாது, உப்பு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். அன்றே சர்வீஸுக்குக் கொடுங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்ப் இருட்டில் மங்கலாக எரிகிறது. பேய் வீடா?

வயரிங்தான் காரணம். பொதுவாக மூன்றில் ஒன்று. சுவிட்சில் சின்னச் சிவப்பு விளக்கு இருந்தால், அது எரிவதற்கான மிகச் சிறு மின்னோட்டம் பல்ப் வழியாகவே போகிறது. பழைய குண்டு பல்புக்கு அது பொருட்டே இல்லை, எல்.இ.டி. அதிலேயே மினுங்கும். அடுத்தது, நீண்ட தூரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் வயர்களுக்கிடையே தூண்டப்படும் மின்னோட்டம். இந்த இரண்டிலும் ஆபத்து இல்லை.

மூன்றாவது கவலைக்குரியது: மின்சாரம் கொண்டுவரும் பேஸ் வயருக்குப் பதிலாக, அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரைச் சுவிட்சில் இணைத்திருப்பது. சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் இருக்கும், பல்ப் மாற்றும் கைக்கு ஷாக் அடிக்கும். ஆகவே இப்படி மினுங்கும் பல்பைக் கண்டால், மாற்றும் முன் மெயினை அணையுங்கள். எலக்ட்ரீஷியனிடம் "சுவிட்சில் பேஸ் வருகிறதா பாருங்கள்" என்று கேளுங்கள், சில நிமிட வேலை.

சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பைத் தடவினால் விர்ரென்று இருக்கிறது. ஃபிரிட்ஜைத் தொட்டாலும் அப்படித்தான்.

இரண்டும் ஒன்றல்ல. இரட்டைப் பின் சார்ஜரில் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறு கசிவு உலோக உடலுக்கு வரும். அதுதான் அந்த விறுவிறுப்பு. மூன்று பின் உள்ள சார்ஜரும் சரியான எர்த்தும் இருந்தால் நின்றுவிடும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றில் லேசாக அடித்தாலும் அது எச்சரிக்கை: உள்ளே காப்பு கெட்டிருக்கிறது அல்லது எர்த் இணைப்பு இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சரிபார்க்கும்வரை தொடாதீர்கள். செருப்புப் போட்டுக்கொண்டு பயன்படுத்துவது தீர்வல்ல.

எந்நேரமும் சுற்றும் மின்விசிறியில் எப்படி இவ்வளவு தூசி?

எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இறக்கையை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் இறக்கையோடு சேர்ந்தே நகர்கிறது. அதில் ஒட்டிய தூசியைப் பிய்த்தெடுக்கக் காற்று இல்லை. காற்றை வெட்டிச் செல்லும் முன்விளிம்பில்தான் கனமாகப் படிகிறது, சமையல் புகையின் எண்ணெய்ப் பசை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பழைய தலையணை உறையை இறக்கைக்கு மாட்டி, வெளியிலிருந்து அழுத்தி இழுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும். விசிறி மெதுவாகச் சுற்றினால் தூசியைவிடக் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். கூரை விசிறிகளில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட்.

ஐப்பசி வந்தால் கதவு நிலையில் மாட்டிக்கொள்கிறது.

மரம் ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் உப்புகிறது, நீளத்தில் அவ்வளவாக மாறாது. உராயும் இடத்தைக் கரித்துண்டால் அடையாளம் செய்து மெழுகுவத்தியோ காய்ந்த சோப்போ தேயுங்கள். மழைக்காலத்திலேயே இழைத்துவிட்டால் சித்திரையில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் போகும் சந்து விழும். இழைப்பதானால் தை, மாசிவரை பொறுத்து, இழைத்த மரத்துக்கு உடனே வார்னிஷ் பூசுங்கள்.

சாப்பிடும்போது புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று தலையில் தட்டுகிறோமே, அது உதவுமா?

அன்பைத் தவிர வேறு எதையும் அது தருவதில்லை. விழுங்கும் நேரத்தில் மூச்சுக்குழலை ஒரு மடல் மூடுகிறது. பேசிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ விழுங்கினால் அது தாமதமாகி, ஒரு பருக்கையோ ஒரு வாய்த் தண்ணீரோ தவறான வழியில் போகிறது. இருமல்தான் சரியான மருந்து, இருமவிடுங்கள். தண்ணீரை நீட்ட அவசரப்பட வேண்டாம், இருமல் நின்ற பிறகு கொடுக்கலாம்.

இருமவோ பேசவோ முடியாமல் கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டால் அது வேறு நிலைமை. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். நீங்கள் அவரை முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடியால் 5 முறை பலமாக அடியுங்கள். அடைப்பு வெளியே வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, மறுகையால் பிடித்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துங்கள். அடைப்பு விலகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க முதுகில் 5 தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் 5 அழுத்தம். கர்ப்பிணிக்கும் வயிற்றுக்குப் பதில் நெஞ்சில்தான் அழுத்த வேண்டும்.